தண்ணீரில் கழுவாமல் பயோடீசலைச் சுத்தம் செய்து சேமிப்பது: முழுமையான வழிகாட்டி

இங்கே உள்ள கணக்கெல்லாம் 100 லிட்டர் எண்ணெய்க்கானது. பயன்படுத்திய பாமாயில், காஸ்டிக் பொட்டாஷ், எண்ணெயின் அளவில் 20 சதவீதம் மெத்தனால் சேர்த்து எதிர்வினையை முடித்தாயிற்று; எண்ணெய் பயோடீசலாகவும் கிளிசரினாகவும் மாறி, கூடவே கொஞ்சம் சோப்பும் உண்டாகியிருக்கிறது; கிளிசரின் அடியில் இறங்கத் தொடங்கிவிட்டது. அதன் பிறகு தண்ணீர் ஊற்றாமல் எரிபொருளை எப்படித் தெளிவாக்குவது, கெடாமல் எப்படி வைத்துக்கொள்வது என்று பார்ப்போம்.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ரெசின் (சோப்பையும் கிளிசரினையும் பிடிக்கும் சிறு பிளாஸ்டிக் மணிகள்) வாங்கினால் போதும் என்று நினைத்து, மெத்தனால் வாடை அடிக்கும் பயோடீசலை நேராக அதில் விட்டுவிடுகிறார்கள். மெத்தனால் உள்ளே இருக்கும்வரை சோப்பும் கிளிசரினும் பயோடீசலில் கரைந்தே கிடக்கும். அதை எடுத்துவிட்டால் இரண்டிலும் பெரும்பகுதி தானாகவே கீழே விழும். கீழுள்ள படிகளின் வரிசை இந்தக் காரணத்தால் அமைந்தது. முன்பின் மாற்ற வேண்டாம்.

1. கையில் இருக்க வேண்டியவை

மூடிபோட்ட இரும்பு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி, அடியில் கூம்பும் பால்வால்வும் (ball valve) இருந்தால் நல்லது. மெத்தனால் ஆவியைக் குளிரவைக்க ஸ்டெயின்லெஸ் சுருள் கண்டென்சர். தெளியவைக்க இரண்டாவது தொட்டி. காய்ந்த மரத்தூள், கெட்டியான பருத்தித் துணிப் பை. 5 மைக்ரான், 1 மைக்ரான் ஃபில்டர்கள். 0.01 கிராம் வரை காட்டும் தராசு, 1 மில்லி சிரிஞ்ச் சில, 110 டிகிரிக்கு மேல் காட்டும் வெப்பமானி.

ரசாயனங்களில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், புரோமோஃபீனால் புளூ, பினால்ப்தலீன், 0.1 நார்மல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம், காய்ச்சி வடித்த நீர். லேப் கெமிக்கல் கடையில் எல்லாமே கிடைக்கும்.

செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய இரும்பு ஆகியவை பயோடீசல் தொடும் எந்த இடத்திலும் கூடாது. அவை பயோடீசல் கெடுவதை வேகப்படுத்தும். சாதாரண ரப்பர் ஓஸ் ஊறி உப்பிவிடும். கேஸ்கெட்டுக்கும் ஓரிங்குக்கும் வைட்டான் அல்லது டெஃப்ளான் போடுங்கள்.

மெத்தனால் வாங்கவும் வைத்திருக்கவும் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டு விதிகளின் கீழ் உரிமம் வேண்டும். நீங்கள் வடித்தெடுக்கும் மெத்தனாலும் அதே மெத்தனால்தான். அதைக் குடிநீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள்.

2. எதிர்வினை முடிந்ததா என்று பாருங்கள்

எதிர்வினை அரைகுறையாக நின்றிருந்தால், பின்னால் எவ்வளவு சுத்தம் செய்தாலும் அது பயோடீசல் ஆகாது. மாறாத எண்ணெயை மரத்தூளோ ரெசினோ பிடிக்காது.

சோதனை எளிது. மூடியுள்ள சிறு குப்பியில் 27 மில்லி மெத்தனால், அதில் கிளிசரின் பிரிந்த பயோடீசல் 3 மில்லி. நன்றாகக் குலுக்கி 10 நிமிடம் வையுங்கள். எல்லாம் கரைந்து தெளிவாக இருந்தால் தேறியது. அடியில் எண்ணெய்த் துளிகள் உருண்டு நின்றால் தேறவில்லை. கிளிசரினை இறக்கிவிட்டு மறுபடி எதிர்வினைக்கு அனுப்புங்கள்.

வெப்பநிலையைத்தான் பலர் கவனிப்பதில்லை. இந்தச் சோதனை 20 முதல் 22 டிகிரிக்கானது. சித்திரை வெயிலில் 35 டிகிரியில் இருக்கும் மெத்தனால் கூடுதல் எண்ணெயைக் கரைத்துக்கொள்ளும். தேறாததும் தேறியதுபோலத் தெரியும். மெத்தனால், பயோடீசல் இரண்டையும் குளிர்ந்த நீரில் வைத்து 20 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகே குலுக்குங்கள். அதற்கும் கீழே போனால் பாமாயில் பயோடீசல் வெள்ளையாக உறையலாம். அதை எண்ணெய்த் துளி என்று எண்ணிக் குழம்ப வேண்டாம்.

3. கிளிசரினை முழுவதும் இறக்குங்கள்

குறைந்தது ஒரு இரவு, முடிந்தால் 24 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். பிறகு அடி வால்வை மெல்லத் திறந்து கருப்புத் திரவம் முழுவதையும் எடுங்கள். நிறம் மாறும் இடத்தில் நிறுத்தி, அரை மணி நேரம் கழித்து இன்னொரு முறை திறங்கள். கூம்பின் சுவரில் ஒட்டியிருந்தது அதற்குள் இறங்கியிருக்கும்.

இதில் அவசரப்படக் கூடாததற்குக் காரணம் உண்டு. எதிர்வினை இருபக்கமும் ஓடக்கூடியது. கிளிசரினும் காஸ்டிக்கும் உள்ளே இருக்கும்போதே சூடாக்கி மெத்தனாலை எடுத்தால், பயோடீசலும் கிளிசரினும் மறுபடி சேர்ந்து மோனோகிளிசரைடு (பாதி மட்டும் மாறிய எண்ணெய்) ஆகத் தொடங்கும். 2ஆம் படியில் தேறிய தொகுதி 4ஆம் படி முடிந்ததும் தேறாமல் போவது இப்படித்தான்.

4. மெத்தனாலை எடுங்கள்

நேரமும் கவனமும் அதிகம் கேட்கும் படி இது. சேர்த்த 20 லிட்டரில் எதிர்வினைக்குச் செலவானது போக மிச்சத்தில் பெரும்பங்கு கிளிசரினோடு போய்விடும். பயோடீசலுக்குள் தங்குவது சுமார் 2 முதல் 4 லிட்டர். கண்டென்சரில் இருந்து எவ்வளவு வந்தது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 1 லிட்டரோடு நின்றுவிட்டால் வேலை முடியவில்லை, அல்லது எங்கோ ஆவி கசிகிறது.

மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும் என்று படித்துவிட்டு, தொட்டியை 65 டிகிரியில் வைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு. தனி மெத்தனால்தான் அந்தச் சூட்டில் கொதிக்கும். பயோடீசலில் 3 சதவீதமாகக் கரைந்திருப்பது அதைவிடக் கூடுதல் சூடு கேட்கும். அளவு குறையக் குறையச் சூடு இன்னும் ஏற வேண்டும். வெற்றிடம் இல்லாத சாதாரணத் தொட்டியில் மெதுவாக 100 முதல் 105 டிகிரி வரை கொண்டுபோங்கள். அந்தச் சூட்டில் பம்பு வைத்துச் சுழற்றிக்கொண்டே இருங்கள். திரவத்தின் மேல்பரப்பு புதிது புதிதாக வெளிப்பட்டால்தான் ஆவி விடுபடும். 110ஐத் தாண்ட வேண்டாம்.

65 முதல் 80 டிகிரிக்குள் நுரை திடீரென்று எழும். அந்த இடத்தில் சூட்டை மிக மெதுவாக ஏற்றுங்கள். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு இடம் காலியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் நுரை கண்டென்சருக்குள் ஏறி, வடித்த மெத்தனாலில் பயோடீசலும் சோப்பும் கலந்துவிடும்.

வெற்றிடம் இழுத்தால் 75, 80 டிகிரியிலேயே வேலை முடியும் என்பது உண்மை. ஆனால் அதற்கென்று செய்த தொட்டி வேண்டும். சாதாரண டிரம் நசுங்கிவிடும். நம் ஊர் வெக்கையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெற்றிடம் மைனஸ் 0.9 பாருக்குப் போனால் மெத்தனால் 20 டிகிரிக்கும் கீழேயே கொதிக்கும். 30 டிகிரியில் இருக்கும் மேல்தொட்டித் தண்ணீரைக் கண்டென்சரில் ஓடவிட்டால் ஆவி குளிர்ந்து திரவமாகாது; அப்படியே வெற்றிட பம்பு வழியாக வெளியே போய்விடும். ஐஸ் தண்ணீர் வேண்டும், அல்லது வெற்றிடத்தை மைனஸ் 0.7 பாரோடு நிறுத்தி மெதுவாகச் செய்ய வேண்டும். முதல் சில தொகுதிகளுக்கு வெற்றிடம் இல்லாமல் செய்வதே நல்லது.

நெருப்பைப் பற்றிக் கொஞ்சம். கேஸ் அடுப்பு, விறகு அடுப்பு எதுவும் அருகில் கூடாது. ஹீட்டர் காயில் எப்போதும் திரவத்தில் முழுகியே இருக்க வேண்டும். மட்டம் இறங்கிக் காயில் வெளியே தெரிந்தால் ஆவி பற்றிக்கொள்ளும். மெத்தனால் எரிவது பகலில் கண்ணுக்கே தெரியாது. ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். ஆகவே சுவிட்ச் போர்டைத் தள்ளி, உயரத்தில் வையுங்கள். வேலையைத் திறந்தவெளியில் செய்யுங்கள். ஆர்கானிக் ஆவிக்கான கரி முகமூடி மெத்தனாலை வெகுநேரம் தடுக்காது. அதை நம்பி மூடிய அறைக்குள் நிற்காதீர்கள்.

முடிந்ததா என்று தெரிந்துகொள்ள: 200 கிராம் மாதிரியை எடைபோட்டு, வெளியிடத்தில் எலக்ட்ரிக் ஹாட்பிளேட்டில் 110 டிகிரியில் அரை மணி நேரம் கலக்கிக்கொண்டே வைத்து, ஆறியதும் மறுபடி எடைபோடுங்கள். குறைந்த எடை மெத்தனாலும் நீரும் சேர்ந்தது. 0.4 கிராமுக்குள் இருந்தால் 0.2 சதவீதத்துக்குள் வந்துவிட்டது. பயோடீசலுக்கான அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் டி6751உம் மெத்தனாலுக்கு அதே 0.2 சதவீதத்தைத்தான் வரம்பாக வைத்திருக்கிறது.

5. ஆறவிட்டுத் தெளியவையுங்கள்

சூடு இறங்க இறங்கப் பயோடீசல் கலங்கும். கெட்டுப்போய்விட்டது என்று பயந்து இந்தக் கட்டத்தில் தண்ணீர் ஊற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கலங்கல்தான் இத்தனை நேரம் கரைந்திருந்த சோப்பும் கிளிசரினும். அது வெளியே வருவதற்காகத்தான் மெத்தனாலை எடுத்தோம்.

இரண்டாவது தொட்டிக்கு மாற்றி, நிழலில் 2 முதல் 4 நாள் வையுங்கள். எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு சோப்பு இறங்கும். சூடாகவே மரத்தூளுக்கு அனுப்பினால் சோப்பு கரைந்த நிலையிலேயே அதைக் கடந்துபோய், பிறகு சேமிப்புக் கேனில் ஆறும்போது படியும். அடியில் சேர்வது கருப்பான, கொழகொழப்பான கூழ். காஸ்டிக் பொட்டாஷ் போட்டிருந்தால் வால்வு வழியாக ஓடும். காஸ்டிக் சோடா போட்டிருந்தால் கெட்டியாகி வால்வை அடைக்கலாம். அப்போது மேலிருந்து ஓஸ் போட்டுத் தெளிந்ததை மட்டும் எடுத்துவிடுங்கள்.

6. மரத்தூளில் வடியுங்கள்

தச்சுப் பட்டறை இழைப்புச் சீவலும் தூளும் கலந்தது நல்லது. வெறும் மாவுத்தூள் இறுகி அடைத்துக்கொள்ளும். வெறும் சுருள் சீவலில் பயோடீசல் பக்கவாட்டில் நழுவி ஓடிவிடும். பிளைவுட், எம்டிஎஃப் தூள் வேண்டாம், அதில் பசை இருக்கிறது. பிசின் அதிகமுள்ள மரமும் வேண்டாம். வெயிலில் இரண்டு நாள் நன்றாகக் காயவையுங்கள். ஈரத்தூள் சோப்பைப் பிடிக்காது, தன் ஈரத்தைப் பயோடீசலுக்குக் கொடுக்கும்.

100 லிட்டருக்கு 3 முதல் 4 கிலோ என்று தொடங்குங்கள். பருத்திப் பையில் போட்டு, கையால் அழுத்திக் கெட்டியாக்கி, உயரமான குறுகிய டிரம்மில் இடைவெளி இல்லாமல் இறக்குங்கள். அகலமான வாளியைவிட உயரமான குழாய் நல்லது, பயோடீசல் தூளுக்குள் கூடுதல் தூரம் போகும். முதலில் மணிக்கு 10 லிட்டர் அளவில் சொட்டவிடுங்கள். முதல் சில லிட்டரில் தூசி வரும். அதை மறுபடி மேலே ஊற்றுங்கள்.

வடிந்து வருவது கலங்கத் தொடங்கினால் தூளின் ஆயுள் முடிந்தது. பிழிந்து திரும்பப் போடாதீர்கள்.

பயோடீசல் ஊறிய மரத்தூளையும் துணியையும் மூலையில் குவித்து வைப்பது இந்தத் தொழிலில் உள்ள மிக மோசமான பழக்கம். காற்று பட்டு ஆக்ஸிஜனேற்றம் நடக்கும்போது சூடு பிறக்கும். குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். திறந்தவெளியில் மெல்லிதாகப் பரப்புங்கள், அல்லது இறுக மூடும் இரும்பு டிரம்மில் போடுங்கள்.

7. சோப்பை அளந்து பாருங்கள்

கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தாலும் சோப்பு இருக்கலாம். அளக்காமல் அடுத்த படியை முடிவு செய்ய முடியாது.

0.1 நார்மல் அமிலம் 10 மில்லியைக் காய்ச்சி வடித்த நீரால் 100 மில்லி ஆக்கினால் 0.01 நார்மல் கிடைக்கும். 100 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் 10 கிராம் பயோடீசலைக் கரைத்து, சில துளி புரோமோஃபீனால் புளூ விடுங்கள். நீலமாக இருக்கும். அமிலத்தைச் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சளாக மாறி நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். பயோடீசல் இல்லாமல் வெறும் ஆல்கஹாலுக்கும் இதே சோதனையைச் செய்து, அந்த அளவைக் கழித்துக்கொள்ளுங்கள்.

1 மில்லி அமிலத்துக்கு, காஸ்டிக் பொட்டாஷ் என்றால் 320 பிபிஎம் (பத்து லட்சத்தில் 320 பங்கு) சோப்பு. காஸ்டிக் சோடா என்றால் 304 பிபிஎம். மரத்தூளுக்கு முன் அளப்பதாக இருந்தால் 1 கிராம் மாதிரி போதும், விடையைப் பத்தால் பெருக்குங்கள்.

ஏஎஸ்டிஎம், ஐரோப்பிய இஎன் 14214 இரண்டும் சோடியமும் பொட்டாசியமும் சேர்த்து 5 பிபிஎம் வரைதான் அனுமதிக்கின்றன. சோப்புக் கணக்கில் அது பொட்டாஷுக்கு 41, சோடாவுக்கு 66 பிபிஎம். பொட்டாஷ் என்றால் 10 கிராம் மாதிரிக்கு 0.13 மில்லியைத் தாண்டக் கூடாது என்று அர்த்தம். ஆகவேதான் 1 மில்லி சிரிஞ்ச். 10 மில்லி சிரிஞ்சில் இந்த வித்தியாசம் தெரியாது.

வரம்புக்குள் வந்திருந்தால் நேராக 9ஆம் படிக்குப் போகலாம். கூடுதலாக இருந்தால் புதுத் தூளில் இன்னொரு முறை, பிறகும் இறங்காவிட்டால் ரெசின்.

8. ரெசின் எப்போது, எப்படி

ரெசின் சோப்பை விழுங்கிவிடும் என்பது பாதி உண்மை. அமில வகை ரெசின் சோப்பில் உள்ள பொட்டாசியத்தைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜனைக் கொடுக்கும். சோப்பு கொழுப்பு அமிலமாக மாறி எரிபொருளிலேயே தங்கிவிடும். ஆயிரம் பிபிஎம் சோப்பு இப்படி மாறினால் அமில மதிப்பு (ஒரு கிராம் எரிபொருளில் உள்ள அமிலத்தைச் சமன்செய்யத் தேவையான காஸ்டிக் பொட்டாஷ், மில்லிகிராமில்) சுமார் 0.18 ஏறும், தரத்தின் வரம்பே 0.50தான். ஆகவே சோப்பை மரத்தூளிலேயே சில நூறு பிபிஎம்முக்குக் குறைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் ரெசினுக்கு விடுங்கள். ரெசினின் ஆயுளும் நீளும், செலவும் குறையும்.

மெத்தனால் உள்ள பயோடீசலை ரெசினில் விடக் கூடாததற்குக் காரணம் இப்போது புரியும். ரெசினில் ஒட்டிய கிளிசரினைக் கழுவி எடுக்க மெத்தனாலைத்தான் பயன்படுத்துகிறார்கள். அது உள்ளேயே இருந்தால் கிளிசரின் ஒட்டவே ஒட்டாது.

உலர் ரெசின் ஊறி உப்பும். குழாயில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். நிரம்பிய குழாய் வெடிக்கும். வேகம் மணிக்கு ரெசின் அளவைப்போல இரண்டு மடங்கு, அதாவது 5 லிட்டர் ரெசினுக்கு மணிக்கு 10 லிட்டர். வீட்டுத் தண்ணீர் சாஃப்ட்னரில் போடும் ரெசினை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். அது சோடியம் ஏற்றியது. பொட்டாசியத்தைப் பிடித்துச் சோடியத்தைத் திருப்பிக் கொடுக்கும், சோப்பு சோப்பாகவே இருக்கும்.

மெக்னீசியம் சிலிகேட் தூளும் ஒரு வழி. எடையில் 1 சதவீதம் போட்டு, 70 டிகிரியில் 20 நிமிடம் கலக்கி வடிக்க வேண்டும். நன்றாக வேலை செய்யும். ஆனால் மிக நுண்ணிய தூள். ஃபில்டரில் சிறு ஓட்டை இருந்தாலும் இன்ஜெக்டரை அரித்துவிடும். நல்ல ஃபில்டர் பிரஸ் இல்லாதவர்கள் தொட வேண்டாம்.

9. கடைசி உலர்த்தலும் வடிகட்டலும்

மெத்தனாலை எடுத்தபோதே நீரும் போயிருக்கும். ஆனால் மழைக்காலத்தில் நாள்கணக்கில் மரத்தூளில் சொட்டிக்கொண்டிருந்தால் காற்றின் ஈரத்தை இழுத்திருக்கும். சாதாரண வெப்பத்தில் பயோடீசல் ஆயிரம் பிபிஎம்முக்கு மேல்கூட நீரைக் கரைத்துக்கொண்டு தெளிவாகவே தெரியும்; தரத்தின் வரம்பு 500. சூடான வாணலியில் ஒரு ஸ்பூன் விட்டுப் பாருங்கள். படபடத்தாலோ சிறு குமிழ்கள் எழுந்தாலோ நீர் இருக்கிறது. 60 டிகிரிக்குச் சூடாக்கி, மூடி திறந்த தொட்டியில் சில மணி நேரம் சுழற்றுங்கள். மழை பெய்யும் நாளில் இதைச் செய்தால் பயனில்லை.

பிறகு ஆறவிடுங்கள். ஒரு இரவு குளிர்ந்த பிறகே 5 மைக்ரான், அடுத்து 1 மைக்ரான். சூட்டில் வடித்தால், குளிரும்போது மட்டும் திரியும் மோனோகிளிசரைடு ஃபில்டரைக் கடந்துபோய் வண்டியின் ஃபில்டரில் வந்து மாட்டும்.

10. சேமிப்பு

பயோடீசலைக் கெடுப்பவை காற்று, வெளிச்சம், சூடு, நீர். நீல நிற ஹெச்டிபிஇ (கெட்டியான பிளாஸ்டிக்) பேரல் அல்லது உட்புறம் துருவில்லாத இரும்பு டிரம் சரி. வெளிச்சம் ஊடுருவும் வெள்ளைக் கேன் வேண்டாம். கழுத்துவரை நிரப்புங்கள். பாதி காலியான டிரம் பகலில் காற்றை வெளியே தள்ளி, இரவில் ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் அடியில் நீராகத் தேங்கும், அங்கேதான் கிருமிகள் வளரும். தகரக் கொட்டகைக்குள் வைக்காதீர்கள். டிரம்மை லேசாகச் சாய்த்து வைத்தால் நீர் ஒரு பக்கம் சேரும், எடுப்பதும் சுலபம்.

நான்கு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. அதற்கு மேல் வைப்பதாக இருந்தால் டிபிஎச்கியூ போன்ற ஆக்ஸிஜனேற்றத் தடுப்பானைச் செய்த அன்றே சேர்க்க வேண்டும். 500 பிபிஎம் என்றால் 100 லிட்டருக்கு 44 கிராம். முதலில் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான பயோடீசலில் கரைத்து, பிறகு டிரம்மில் கலக்குங்கள். கெடத் தொடங்கிய பிறகு போட்டால் பலனில்லை. சூரியகாந்தி, சோயா எண்ணெயில் செய்தது பாமாயிலைவிடச் சீக்கிரம் கெடும்.

பாமாயில் பயோடீசலுக்குக் குளிர்தான் எதிரி. 15 டிகிரியை ஒட்டியே கலங்கத் தொடங்கும். சமவெளியில் இது பெரிய பிரச்சினையில்லை. உதகை, கொடைக்கானலில் மார்கழி இரவில் தனியாக ஓட்டினால் காலையில் ஃபில்டர் அடைத்திருக்கும். அங்கே டீசலில் சிறு பங்காகக் கலந்தே பயன்படுத்துங்கள்.

மாதம் ஒருமுறை அமில மதிப்பைப் பாருங்கள். 10 கிராம் மாதிரியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, பினால்ப்தலீன் விட்டு, லிட்டருக்கு 1 கிராம் காஸ்டிக் பொட்டாஷ் கரைத்த நீரைச் சொட்டுங்கள். இளஞ்சிவப்பு நிலைக்கும்போது 5 மில்லி ஆகியிருந்தால் மதிப்பு 0.50. 3 மில்லியைத் தாண்டி மாதாமாதம் ஏறிக்கொண்டிருந்தால் அந்த டிரம்மை முதலில் காலி செய்யுங்கள். பெயின்ட் வாடை அடித்து, விரலில் தொட்டால் பிசுபிசுக்கும் நிலைக்குப் போனதை இன்ஜினில் ஊற்ற வேண்டாம். புதியதோடு கலந்து சமாளிக்கவும் வேண்டாம். பழையது புதியதையும் சேர்த்துக் கெடுக்கும்.